ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஏரியை மாற்ற வேண்டாம்

காவிரி டெல்டா மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும், நீர்வளத்துறை, வனத்துறை, சுற்றுலாத்துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கோடியக்கரை 2002-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது டெல்டாவில் அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. 2022-இல் வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பிச்சாவரமும், 2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியும் அதே பட்டியலில் இடம்பெற்ற பிறகு நிலைமை வேறாகிவிட்டது. மார்கழி, தை மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைக்கு வருகிறார்கள். கோயில்களுக்காக மட்டுமே வந்துகொண்டிருந்த ஊர்களுக்கு ஏரிக்காகவும் ஆட்கள் வருவது, வடுவூர் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சியே. வருகிறவர்களுக்கு என்ன செய்து தரலாம் என்ற பேச்சும் கூடவே தொடங்கிவிட்டது. பேச்சு திட்டமாகி, திட்டம் ஒப்பந்தப்புள்ளியாகிவிட்டால் அதன்பிறகு யாராலும் எதையும் மாற்ற இயலாது என்பதால், அதற்கு முன்பே இந்த மடலை எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். டெல்டா ஏரிகளுக்கான எந்தச் சுற்றுலாத் திட்டமும், ஏரியில் எந்த மாதம் வரை எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் கோபுரத்துக்கும் நடைபாதைக்கும் போக வேண்டும். தண்ணீர் நின்றால் பறவை நிற்கும், பறவை நின்றால் ஆட்கள் தாமாகவே வருவார்கள். தண்ணீரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தால், மிஞ்சுவது காய்ந்த ஏரியும் அதன் நடுவே ஒரு பார்வைக் கோபுரமும்தான்.

எங்கள் ஏரிகள் மழைநீரை மட்டும் நம்பி நிற்பவை அல்ல. கல்லணையிலிருந்து பிரியும் வெண்ணாறு தென்பெரம்பூரில் பல கிளைகளாகிறது. அவற்றில் ஒன்றான வடவாறு தஞ்சாவூர் வழியாக வந்து வடுவூர் ஏரியை நிரப்புகிறது. (வீராணத்தை நிரப்புகிற வடவாறு வேறு, அது கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வருவது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி எழுதப்பட்ட குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.) கரைவெட்டிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. ஆக, இந்த ஏரிகளின் நாட்காட்டி மேட்டூர் அணையின் நாட்காட்டிதான். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள், ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி தளும்பும், பங்குனி கடந்தால் வண்டல் வெடிப்பு விடத் தொடங்கும்.

பறவைகளின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நத்தைகுத்தி நாரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. அந்தக் குஞ்சு சிறகு முற்றிப் பறக்க இன்னும் ஐந்து, ஆறு வாரங்கள் வேண்டும். மார்கழி நடுவில் முட்டையிட்ட கூட்டில், மேட்டூர் மூடப்படும் வாரத்தில்தான் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அவை பறப்பதற்கு மார்ச் பிறந்துவிடும். பிந்திக் கட்டிய கூடுகளுக்கு மார்ச் முழுவதும் தேவைப்படும். இந்தக் காலம் முழுக்கக் கூட்டுமரத்தின் அடியில் தண்ணீர் இருந்தாக வேண்டும், ஏனெனில் நாயும் நரியும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சு கரை ஏறுமா, நாய் வாயில் போகுமா என்பதை முழங்கால் அளவுத் தண்ணீர் தீர்மானிக்கிறது. உதயமார்த்தாண்டபுரம் போன்ற சின்ன ஏரிகளில், தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலே கரையோர மரங்கள் தரைமேல் நிற்கத் தொடங்கிவிடுகின்றன.

நத்தைகுத்தியை முன்வைத்தே பேசுவதற்குக் காரணம் உண்டு. அது ஏரியில் குடியிருந்துகொண்டு எங்கள் வயலில் சாப்பிடுகிற பறவை. அதன் அலகை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கக்கூடும். மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கும். நடவு முடிந்த வயலில் அது தலையைச் சாய்த்து அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவும். நத்தை தட்டுப்பட்டதும் மேலலகால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரிய கீழலகின் நுனியை ஓட்டின் மூடிக்கும் சதைக்கும் நடுவே செலுத்தி, சதையைத் தனியே இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாது. வரப்போரம் முழு ஓடாகக் கிடக்கும் நத்தைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இளநாற்றைக் கடிக்கிற நத்தையை, மருந்துச் செலவில்லாமல், கூலி கேட்காமல் பொறுக்கித் தருகிற ஓர் உயிர் எங்கள் ஏரியில் கூடு கட்டுகிறது என்பதை வேளாண்துறையும் ஒரு முறை கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

பாசனதாரரே தண்ணீரை ஏரியில் தேக்கிவைக்கச் சொல்கிறாரா என்று என் பக்கத்து வயல்காரர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஜனவரி கடைசியில் சம்பா அறுவடைக்கு வயல் காய வேண்டும், அதே நேரத்தில் தாளடிக்குக் கடைசி நனைப்பும் வேண்டும். நெல் தரிசில் தெளித்த உளுந்துக்கு ஈரம் போதும், தேங்கிய தண்ணீர் ஆகாது. கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறைப்பாசனமும் சண்டையில் போய் நிற்கிறது. இவர்களுள் ஒருவர் வாயிலிருந்தும் பிடுங்கச் சொல்லவில்லை. மதகின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே, ஏரியின் அளவுக்கல்லில் ஒரு கோடு போட்டு, மார்ச் 31 வரை அந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் எடுப்பதில்லை என்று எழுத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். ஏரியின் அடிவயிற்றில் நிற்கிற தண்ணீர் அகலத்தில்தான் பெரிதே தவிர அளவில் சிறிது. பாசனத்துக்கு அது சில நாள், பறவைக்கு அது ஒரு தலைமுறை. வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி என்பது, 2004 முதல் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிற சென்னைக்காரர்களுக்கும் செய்தித்தாள் வழியாகத் தெரிந்திருக்கிறது. மேட்டூரின் 120 அடி எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். பறவைகளுக்காக எந்த ஏரியில் எத்தனை அடி என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆளில்லை.

இதோடு சேர்த்து, ஏரி மீனைப் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடுகிற மீன்பாசிக் குத்தகையையும் பார்க்க வேண்டும். சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள ஏரி, குளங்களில் குத்தகைக் காலம் முடிவதற்குள் மீனை அள்ளிவிடத் தண்ணீரை இறைத்து வடிப்பதும், நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீனைத் தின்றுவிடும் என்று வெடி வைத்து விரட்டுவதும் ஊரறிந்த செய்தி. சரணாலயத்துப் பறவை இரை தேடிப் போவது இந்தக் குளங்களுக்குத்தான். அதற்கு எல்லைக் கல் தெரியாது. குத்தகை ஒப்பந்தத்திலேயே வெடிக்குத் தடை, வடிப்பதற்குத் தேதி என இரண்டு நிபந்தனைகளைச் சேர்ப்பது ஏலம் விடுகிற அலுவலகத்தின் கையில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அங்கே ஊர் தானாகச் செய்வதை இங்கே ஒரு வரி நிபந்தனையாலாவது செய்யலாம்.

அடுத்து, தூர்வாருதல். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. ஏரி தூர்வாரப்பட வேண்டும் என்று எங்களைவிடக் குரல் கொடுத்தவர்கள் கிடையாது. ஆனால் பொக்லைன் இறங்கிய பிறகு ஏரி எந்த வடிவத்தில் விடப்படுகிறது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. கரையோரம் செங்குத்தாக வெட்டி, ஒரே ஆழத்துக்குத் தோண்டி, தொட்டி போலாக்கிவிட்டால் கொள்ளளவு கூடும், பறவை குறையும். உள்ளானும் உப்புக்கொத்தியும் கணுக்கால் நனைகிற தண்ணீரில்தான் மேய முடியும். அரிவாள் மூக்கனுக்கும் கரண்டிவாயனுக்கும் அதைவிடச் சற்று ஆழம் வேண்டும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முழுதாக முங்காமல், வால் மேலே தூக்கித் தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு அடியில் உள்ள விதையையும் புழுவையும் எடுப்பவை. கழுத்துக்கு எட்டாத ஆழத்தில் அவற்றுக்கு வேலையில்லை. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் மட்டுமே ஆழம் பொருந்தும். கரையிலிருந்து நடு ஏரி வரை தரை மெல்லச் சரிந்தால் இத்தனைக்கும் இடம் கிடைக்கிறது, தண்ணீர் வற்ற வற்ற மேய்ச்சல் விளிம்பும் உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. ஆகவே மதகை ஒட்டிய பகுதியில் ஆழமாக வாருங்கள், நீர்வரத்துப் பக்கம் சரிவை விட்டுவிடுங்கள், எடுத்த வண்டலை வயலுக்குக் கொடுங்கள். வேலையின் அளவைப் பதிகிற அளவுப் புத்தகத்தில் கனமீட்டரோடு சரிவையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் ஒப்பந்தக்காரர் அதன்படி வெட்டப்போகிறார், அவ்வளவுதான்.

ஏரிக்குள் உள்ள நாட்டுக் கருவேலந் திட்டுகளையும் வேலையின்போது விட்டுவைக்க வேண்டும். சீமைக் கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று இறங்குகிறவர்கள், கூடு உள்ள மரம் எது, எந்த மாதம் என்று பாராமல் வெட்டிவிடுவது நடக்கிறது. சீமைக் கருவேலம் தொலையட்டும், நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் தொலையட்டும். மே மாதத்தில் ஏரி காலியாக இருக்கும்போது தொலையட்டும். அதற்கு ஈடாக நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ திட்டில் வேர் பிடித்த பின்பே பழைய மரத்தில் கை வைக்க வேண்டும்.

இனி, வருகிறவர்களுக்காகப் பொதுவாக முன்மொழியப்படுகிறவை. கரை முழுக்கச் சிமெண்ட் கல் பதித்த நடைபாதை, அதில் வரிசையாக மின்விளக்கு, ஏரியில் மிதிபடகு, நுழைவாயிலில் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்திய செல்ஃபி மேடை. நகரத்து ஏரிகளுக்கு இவை பொருந்துமோ என்னவோ, எங்களுக்குப் பொருந்தா. மாலை ஐந்தரைக்கு மேல் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். வயலில் மேய்ந்த கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாகத் திட்டுக்குத் திரும்பி இறங்குகிற அதே நேரத்தில், பகலெல்லாம் கிளையில் கழுத்தைக் குறுக்கிக்கொண்டிருந்த வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வேட்டைக்குப் புறப்படுகின்றன. பகல் பறவையும் இராப் பறவையும் இடம் மாற்றிக்கொள்கிற அந்த அரை மணி நேரத்தைத்தான் மின்விளக்கு கெடுக்கப் போகிறது. நாமக்கோழி சட்டென்று எழும்பிப் பறக்கிற பறவையன்று. தண்ணீரின் மேல் நெடுந்தூரம் காலால் அடித்து ஓடித்தான் மேலெழ வேண்டும். ஒரு படகு சுற்றி வந்தால் ஏரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அவை ஓடும், படகு திரும்பினால் மீண்டும் ஓடும். கல்யாண வீட்டார் பறக்கவிடுகிற ட்ரோன் இதைவிடக் கொடியது, தலைக்கு மேல் பருந்து வந்துவிட்டதாக எண்ணி மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். இமயத்தைத் தாண்டிக் கரைவெட்டிக்கு வருகிற பட்டைத்தலை வாத்து, போகிற வழிக்கு வேண்டிய கொழுப்பை இங்கேதான் உடம்பில் சேர்க்கிறது. அதை ஒரு நாளைக்குப் பத்து முறை எழுப்பிப் பறக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது விருந்தோம்பலாகாது.

அப்படியானால் வருகிறவர்களுக்கு எதுவுமே வேண்டாமா? வேண்டும். முதலில் கழிப்பறை. பெண்களும் பள்ளிக் குழந்தைகளும் மூன்று மணி நேரம் கரையில் இருக்க வேண்டுமென்றால், தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஊருக்குள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். குடிநீர், வண்டி நிறுத்த ஊரை ஒட்டிய களத்துமேடு, காலை ஆறு மணிக்கு ஏரியருகே இறக்கிவிடுகிற ஒரு நகரப் பேருந்து. கரை மண் கரையாகவே இருக்கட்டும், மழைக்காலத்தில் வழுக்குகிற இடங்களில் மட்டும் சரளை போட்டால் போதும். பறவையைப் பார்க்க ஓலைத் தட்டி மறைப்பு, அதில் குழந்தை உயரத்திலும் பெரியவர் உயரத்திலும் துளைகள். வாடகைக்கு ஒரு பத்து தொலைநோக்கிகள். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு செல்ஃபி மேடைக்கு ஆகிற செலவைவிட அதிகமிராது என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக வழிகாட்டிகள். எந்த மதகடியில் காலையில் பாம்புத்தாரா சிறகு காயவைக்கும், எந்தத் திட்டில் நீலத்தாழைக்கோழி சம்புக்குள்ளிருந்து வெளியே வரும், விரால் அடிப்பான் எந்தப் பட்ட மரத்தில் உட்காரும் என்பது கரையில் மாடு மேய்க்கிறவர்களுக்கும் மதகு பார்க்கிற லஸ்கருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் பறவைகளுக்கு வைத்திருக்கிற பெயர்கள் புத்தகப் பெயர்களோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் வருகிறவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும். ஏரிக்கரை ஊர்களின் இளைஞர்கள், இளம்பெண்கள் சிலருக்கு வனத்துறை பயிற்சியும் அடையாள அட்டையும் தந்து, வழிகாட்டுவதற்கான கட்டணத்தை நேரடியாக அவர்கள் கையில் சேரும்படி செய்ய வேண்டும். கரையில் யாராவது கல்லெறிந்தால் முதலில் குரல் கொடுப்பது அவர்களாகத்தான் இருப்பார்கள்.

எல்லாரையும் ஒரே ஏரிக்கு, ஒரே நாளில் அனுப்புவதையும் தவிர்க்கலாம். காணும் பொங்கலன்று சிறிய ஏரியின் கரையில் கூடுகிற கூட்டம் அந்த ஏரி தாங்கக்கூடிய கூட்டமன்று. கரைவெட்டிக்கு விடியற்காலையில் வருகிறவர்களை வெயில் ஏறியதும் வாரணவாசியில் உள்ள புதை உயிரிப் படிவ அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம்; அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம். இன்னும் நேரமிருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரம் இருக்கிறது. தெற்கே வருகிறவர்களுக்கு முத்துப்பேட்டை. அங்கே கோரையாற்றில் படகேறி அலையாத்திக் காட்டுக்கும் கழிமுகக் காயலுக்கும் போவது ஏற்கெனவே வனத்துறையின் ஏற்பாட்டில் நடக்கிறது. படகு போக வேண்டிய இடம் அதுவே. அதற்கும் கிழக்கே கோடியக்கரையில், 1967-இல் சரணாலயமான காட்டில் வெளிமானும், வேதாரண்யத்துச் சதுப்பில் பூநாரையும். கொள்ளிடக் கரைக்குப் போகிறவர்களுக்கு நீர்நாய் தென்பட வாய்ப்புண்டு. முதலையும் உண்டு என்ற எச்சரிக்கைப் பலகை அணைக்கரையிலிருந்து சிதம்பரம் பக்கம் வரை குளிக்கிற துறைதோறும் வேண்டும்.

இவற்றை ஒரே வரைபடத்தில் போடும்போது ஆறுகளையும் சேர்த்தே போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முத்துப்பேட்டையின் அலையாத்தி, பாமணியாறும் கோரையாறும் கொண்டுவந்து சேர்க்கிற நன்னீரைக் கடல்நீரோடு கலந்து குடித்து வளர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட அந்தக் காடு மீண்டும் தழைக்க வேண்டுமானால் அந்த நன்னீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். வடவாற்றில் எப்போது அடைக்கிறார்கள், கோரையாற்றில் எவ்வளவு விடுகிறார்கள் என்ற முடிவுகளை எடுக்கும் மேசையில் இப்போது நீர்வளத்துறையும் வேளாண்துறையும் பாசனதாரர்களும் இருக்கிறோம். வனத்துறை அலுவலர் ஒருவருக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும்.

ஆகவே, இந்தக் கோரிக்கையின் முதல் படியாக, வரும் ஜனவரி மாதத்தில், மேட்டூர் மூடப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகிய மூன்று ஏரிகளுக்கும் தனித்தனியே ஒரு கூட்டம் கூட்டுங்கள். பாசனதாரர்கள், மீன்பாசிக் குத்தகைதாரர்கள், ஊராட்சித் தலைவர்கள், நீர்வளத்துறை, வேளாண்துறைப் பொறியாளர்கள், வனச்சரகர்கள் எல்லாரையும் அழையுங்கள். அளவுக்கல்லில் கோடு எங்கே என்பதை அன்றே முடிவு செய்து, அதற்கு மேல் எத்தனை முறை தண்ணீர் விடப்படும், எந்தத் தேதியில் மதகு அடைக்கப்படும் என்பதைத் தமிழில் தட்டச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் மதகடியிலும் ஒட்டுங்கள். நடைபாதைக்கான மதிப்பீடு ஏப்ரல் வரை காத்திருக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
வடுவூர் ஏரிப் பாசன விவசாயி ஒருவர்